குயின்ஸ்லாந்தில் உரிம ஆணையம் மூடப்பட்ட பிறகு கண்காணிப்பு யாருடைய பொறுப்பு?

மருதத்துறை கேட்டது:

வணக்கம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் பொது நிர்வாகம் படித்துவருகிறேன். அரசு ஓர் ஆணையத்தைத் தொடங்குவதைப் பற்றிப் பாடநூல்களில் நிறையப் படிக்கிறோம். தொடங்கிய ஆணையத்தைச் சட்டம் இயற்றியே மூடுவதைப் பற்றி மிகக் குறைவாகவே படிக்கிறோம். ஆகவே என் ஆய்வுக் கட்டுரைக்கு, குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பாலியல் தொழில் விடுதிகளுக்கு உரிமம் வழங்கிவந்த ஆணையத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 2000 ஜூலை 1 அன்று பணியைத் தொடங்கிய அந்த ஆணையம், மாநில நாடாளுமன்றம் 2024 மே மாதம் நிறைவேற்றிய, பாலியல் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கும் குற்றநீக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஆகஸ்ட் 2 அன்று முடிவுக்கு வந்தது.

எனக்குப் புரியாதது இதுதான். விடுதி நடத்துபவரின் பின்னணியைச் சோதிப்பது, மேலாளருக்குச் சான்றிதழ் கொடுப்பது, விளம்பரங்கள் எப்படி இருக்கலாம் என்று வரையறுப்பது, விடுதிகளுக்கு நேரில் போய்ப் பார்ப்பது ஆகிய அனைத்தையும் ஒரே அலுவலகம் செய்துவந்தது. அந்த அலுவலகம் போய்விட்டது; அதன் இடத்தில் வேறோர் ஆணையம் அமைக்கப்படவில்லை. அப்படியானால் அந்தப் பணிகள் கைவிடப்பட்டனவா, பிரித்துக் கொடுக்கப்பட்டனவா? என் வகுப்பில் பாதிப் பேர் இதை 'அரசு கையைக் கழுவிவிட்டது' என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் ஏன் தோன்றவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. சட்டம், மருத்துவம், நகரமைப்பு ஆகிய துறைகளில் இருப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

ஒரு சொல் குறித்தும் கேட்க வேண்டும். ஆணையத்தின் ஆங்கிலப் பெயரில் இருந்தது 'ப்ராஸ்டிட்யூஷன்' என்ற சொல். புதிய சட்டம் அதைத் தவிர்த்து 'செக்ஸ் வொர்க்' என்கிறது. தமிழிலும் 'விபசாரம்' என்று எழுதும்போது தீர்ப்பும் சேர்ந்தே எழுதப்பட்டுவிடுகிறது. ஆகவே 'பாலியல் தொழில்' என்றே எழுதுகிறேன், தவறென்றால் திருத்துங்கள்.

பழங்கோப்பு எழுதியது:

நண்பரே, நீங்கள் பயன்படுத்தும் சொல் சரியானது, அதிலேயே தொடர்வோம்.

ஆணையம் ஏன் மூடப்பட்டது என்பதற்கு முன்னால், அது ஏன் பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1980களில் குயின்ஸ்லாந்தில் விடுதிகள் சட்டப்படி குற்றம். ஆனால் பிரிஸ்பேனின் ஃபார்ட்டிட்யூட் வேலி பகுதியில் அவை ஊரறிய நடந்தன. காவல்துறைக்குள் 'தி ஜோக்' என்ற குறிப்புப் பெயரில் ஒரு மாமூல் வலை இயங்கியது. 1987 மே மாதம் ஏபிசி தொலைக்காட்சியின் புலனாய்வு நிகழ்ச்சியும் நாளிதழ்ச் செய்திகளும் அதை வெளிக்கொணர்ந்தன. டோனி ஃபிட்ஸ்ஜெரால்டு தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 1989இல் அறிக்கை வந்தது. காவல்துறை ஆணையராக இருந்த டெரி லூயிஸ் 1991இல் ஊழலுக்காகச் சிறைத்தண்டனை பெற்றார். மாநிலத்தின் நினைவில் இந்தத் தொழிலும் காவல்துறை ஊழலும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுவிட்டன. அதன் பின் வந்த ஒவ்வொரு சட்டமும் அந்த அச்சத்தின் நிழலில்தான் எழுதப்பட்டது.

முதலில் 1992ஆம் ஆண்டுச் சட்டம், தனியாக ஒருவர் செய்தால் குற்றமில்லை, மற்ற எல்லா ஏற்பாடும் குற்றம் என்றது. பிறகு 1999ஆம் ஆண்டுச் சட்டம், உரிமம் பெற்ற சிறு விடுதிகளையும் அனுமதித்து, அவற்றைக் கண்காணிக்க இந்த ஆணையத்தை உருவாக்கியது. உறுப்பினர்கள் எங்கிருந்து எடுக்கப்பட்டார்கள் என்பதைப் பாருங்கள்: காவல்துறை, ஊழல் தடுப்பு அமைப்பு, மருத்துவம், சட்டம், உள்ளாட்சி. பணம் கைமாறும் இடத்தில் ஒரே கை இருக்கக் கூடாது என்ற எண்ணம் அந்த அமைப்பிலேயே தெரிகிறது. அந்த ஒரு நோக்கத்தில் ஆணையம் தோற்றது என்று எவரும் நியாயமாகச் சொல்ல முடியாது.

தோல்வி வேறிடத்தில் இருந்தது. ஒரு விடுதியில் 5 அறைகளுக்கு மேல் கூடாது. மதுபான உரிமம் கிடையாது. வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்குத் தொழிலாளரை அனுப்பக் கூடாது. வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் வழிபாட்டிடங்களுக்கும் விலகியே இருக்க வேண்டும். மக்கள்தொகை 25,000க்குக் குறைவான ஊர்கள் விடுதியே வேண்டாம் என்று விலக்குப் பெறவும் வழி இருந்தது. இத்தனை வாசல்களையும் தாண்டி உரிமம் பெற்ற விடுதிகள், அவ்வளவு பெரிய மாநிலத்தில், சுமார் 20 மட்டுமே. மாநிலத்தின் சட்டச் சீர்திருத்த ஆணையம் 2023இல் 47 பரிந்துரைகளுடன் அளித்த அறிக்கை, தொழிலின் ஏறத்தாழ 90 விழுக்காடு உரிமம் பெற்ற விடுதிகளுக்கு வெளியே நடக்கிறது என்ற மதிப்பீட்டை முன்வைத்தது. ஆக, பத்தில் ஒரு பங்கைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்த உரிம ஆணையம், மீதி ஒன்பது பங்கைப் பார்க்க அதிகாரமே இல்லாமல் இருந்தது. அந்த ஒன்பது பங்கைப் பார்த்தது காவல்துறை. எந்தக் கையிலிருந்து இதை விலக்க வேண்டும் என்று ஃபிட்ஸ்ஜெரால்டு காலத்தில் எண்ணினார்களோ, பெரும்பாலான தொழிலாளர்களுக்கு அதே கைதான் மீண்டும் வந்து சேர்ந்தது. காவலர்கள் வாடிக்கையாளர்போல நடித்து வழக்குப் பதிவதற்குச் சட்டமே பாதுகாப்புக் கொடுத்திருந்தது.

பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸ் அதே நோய்க்கு நேரெதிரான மருந்தைத் தேர்ந்தெடுத்தது. அங்கும் காவல்துறை ஊழல்தான் விவாதத்தின் மையம். 1994இல் அதை விசாரிக்க நீதிபதி வுட் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 1995இல் அந்த மாநிலம் விடுதிகளைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கி உள்ளாட்சித் திட்டமிடலின்கீழ்க் கொண்டுவந்தது. உரிம ஆணையம் எதையும் அமைக்கவில்லை. உங்கள் கட்டுரைக்கு இந்த ஒப்பீடு அவசியம். லஞ்சம் பிறப்பது, ஒரு செயல் குற்றமாகவும் இருந்து அன்றாடமும் நடக்கும்போதுதான். குயின்ஸ்லாந்து லஞ்சத்தைத் தடுக்கக் காவலாளியை நியமித்தது. நியூ சவுத் வேல்ஸ் லஞ்சம் கேட்கும் வாய்ப்பையே குறைத்தது.

தெற்குச்செவிலி எழுதியது:

பாலியல் நலச் சிகிச்சையகம் ஒன்றில் பல ஆண்டுகளாகச் செவிலியாகப் பணிபுரிகிறேன். முந்தைய பதிலில் விடுபட்ட மருத்துவப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன்.

பழைய ஏற்பாட்டில், உரிமம் பெற்ற விடுதியில் பணிபுரிபவர் குறிப்பிட்ட இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை செய்து, அதற்கான சான்றைக் காட்ட வேண்டும். தொற்று இருப்பது தெரிந்தே பணிசெய்வதும், ஆணுறை இல்லாமல் சேவை அளிப்பதும் தனிக் குற்றங்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பொறுப்பான ஏற்பாடாகத் தோன்றும். சிகிச்சையகத்தின் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு அது வேறாகத் தெரிந்தது. சான்றிதழுக்காக வருபவர் உடல்நலம் பற்றிப் பேச வருவதில்லை, தாளை வாங்கிக்கொள்ள வருகிறார். அறிகுறி இருந்தால் சொல்லத் தயங்குகிறார், ஏனென்றால் சொன்னால் வருமானம் நின்றுபோகும், வழக்கும் வரக்கூடும். சான்றிதழோ பரிசோதித்த அன்றைய நிலையைத்தான் காட்டும். அடுத்த நாள் நிலையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆனால் அதைப் பார்த்த வாடிக்கையாளர்கள் சிலர் 'உனக்குத்தான் ஒன்றுமில்லையே' என்று ஆணுறையை மறுக்கும் ஆயுதமாக அதைப் பயன்படுத்தியதாக என்னிடம் வந்த பெண்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது அந்தத் தனிக் குற்றங்கள் நீக்கப்பட்டுவிட்டன. அதனால் பாதுகாப்பு போய்விட்டதென்று கொள்ள வேண்டாம். பொதுச் சுகாதாரச் சட்டம் எல்லோருக்கும் உள்ளதுபோல் இவர்களுக்கும் உண்டு. பணியிடப் பாதுகாப்பை, 2011ஆம் ஆண்டுப் பணியிட நல்வாழ்வு மற்றும் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தொழிற்சாலைகளையும் அலுவலகங்களையும் பார்க்கும் அதே ஒழுங்குமுறை அமைப்பு பார்க்கிறது. ஆணுறை கொடுப்பது, தூய்மை, வன்முறைக்கு எதிரான முன்னேற்பாடு ஆகியவை அங்கே விடுதி நடத்துபவரின் கடமையாகின்றன. முன்பு சுமை தொழிலாளியின் உடல்மேல் இருந்தது. இப்போது அது தொழிலை நடத்துபவரின் தோளுக்கு மாறியிருக்கிறது. இந்த மாற்றத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மேலும் 2024 செப்டம்பர் 23 முதல் பாலுறவுக்கான சம்மதம் பற்றிய குயின்ஸ்லாந்தின் இசைவுச் சட்டம் மாறியிருக்கிறது. ஒப்புக்கொண்ட ஆணுறையை ஒருவர் இடையில் கழற்றினால் அது வன்புணர்வு. அந்தப் பாதுகாப்பு மற்றப் பெண்களுக்கு எப்படியோ அப்படியே பாலியல் தொழிலாளிக்கும் உரியது.

கணக்குச்சுவடி எழுதியது:

மேலே இருவரும் எழுதியதை மதிக்கிறேன். ஆயினும் ஒருபக்கச் சித்திரமாக இது முடிந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். உரிமம் பெற்ற விடுதி ஒன்றின் கணக்குகளை வெளியிலிருந்து சில ஆண்டுகள் பார்த்துக்கொடுத்தேன்.

உரிமத்துக்கு விலை இருந்தது என்பது உண்மை. கட்டணங்கள், பின்னணிச் சோதனை, சான்றிதழ் பெற்ற மேலாளர் எந்நேரமும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஆகிய எல்லாம் செலவே. ஆனால் அந்தச் செலவுக்கு ஈடாக ஒன்று கிடைத்தது. கதவைத் தட்டி 'மாதம் இவ்வளவு கொடு' என்று எவராவது கேட்டால், 'ஆணையத்திடம் சொல்வேன்' என்று திருப்பிச் சொல்ல முடிந்தது. அறைகளில் அபாய மணி இருந்தது. அதைச் சோதிக்க வருபவர் இருந்தார். குற்றப் பின்னணி உள்ளவர் உரிமையாளராகிவிடக் கூடாது என்று வாசலிலேயே தடுக்க ஓர் ஏற்பாடு இருந்தது. இன்று எவர் வேண்டுமானாலும் தொடங்கலாம். தவறு நடந்த பிறகு சட்டம் வரும். நடப்பதற்கு முன்னால் நிறுத்தும் கை இல்லை. நியூசிலாந்து 2003இல் குற்றநீக்கம் செய்தபோதும் விடுதி நடத்துபவர் சான்றிதழ் பெற வேண்டும் என்பதை வைத்துக்கொண்டது. ஒருவர்மேல் ஒருவர் அதிகாரம் செலுத்தாமல் நான்கு பேர்வரை சேர்ந்து நடத்தும் சிறு இடங்களுக்கு மட்டும் அதில் விலக்களித்தது. அந்த நடுவழியைக் குயின்ஸ்லாந்து தேர்ந்தெடுத்திருக்கலாம் என்று இன்றும் உறுதியாக நினைக்கிறேன்.

முறையாக உரிமம் வாங்கி, எல்லா நிபந்தனைகளையும் ஆண்டுக்கணக்காகக் கடைப்பிடித்தவர்களுக்கு இது வலிக்கும் என்பதையும் எண்ணிப்பாருங்கள். அவர்கள் ஈட்டிய நற்பெயர் அந்தச் சட்டகத்தோடு கட்டப்பட்டிருந்தது.

தனிவிளக்கு எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் எங்களைப் பற்றி எழுதினீர்கள். நான் அந்தத் தொழிலைச் செய்தவள். பழைய சட்டத்தின்கீழ், தனியாக. ஊரும் பெயரும் வேண்டாம்.

கணக்குச்சுவடி ஐயா, உங்கள் விடுதியில் அபாய மணி இருந்ததை மறுக்கவில்லை. அந்த மணி எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். என் ஊரிலிருந்து மிக அருகிலிருந்த உரிமம் பெற்ற விடுதிக்குப் போக அரைநாள் வண்டியோட்ட வேண்டும். தனியாகச் செய்வது சட்டப்படி சரி. ஆகவே தனியாகச் செய்தேன். என் தோழியும் அதே தொழில். நாங்கள் இருவரும் ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் பக்கத்து அறையில் இருந்தால் போதும், பாதி அச்சம் போயிருக்கும். சட்டம் அதைக் குற்றம் என்றது. வெவ்வேறு வேளைகளில் வந்துபோனாலும், இருவருக்கும் ஒரே வரவேற்பாளரை வைத்துக்கொண்டாலும் குற்றம். பாதுகாவலர் உரிமம் பெற்ற ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர் என் ஒருத்திக்கு மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்றது. ஒருத்தியின் வருமானத்தில் ஒரு பாதுகாவலருக்கு எப்படிச் சம்பளம் கொடுப்பது?

ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் என்னைக் காயப்படுத்தினார். அந்த வாரம் தோழி என் வீட்டில் தங்கியிருந்தாள். காவல் நிலையத்துக்குப் போனால் முதலில் விசாரிக்கப்படுவது அவள் ஏன் அங்கே இருந்தாள் என்பதுதான் என்று இருவருக்கும் தெரியும். போகவில்லை. அந்த ஆள் வேறெங்கோ, வேறொருத்தியின் வீட்டுக்குப் போயிருப்பார் என்ற நினைப்பு இன்றும் என்னை விடுவதில்லை.

விளம்பரத்தில் என்ன சேவை என்று விவரிக்கக் கூடாது என்ற விதியும் எங்களுக்குத்தான் கேடாக முடிந்தது. எதைச் செய்வேன், எதைச் செய்யமாட்டேன் என்பதை எழுதிவைக்க முடியாததால், அந்தப் பேச்சு ஒவ்வொரு முறையும் கதவருகே, அந்நிய ஆணோடு தனியாக, நேருக்கு நேர் நடந்தது.

செவிலியர் அக்கா சொன்ன சான்றிதழ் விதி என்னைப் போன்ற தனியாளுக்கு நேராகப் பொருந்தவில்லை; ஆனாலும் பரிசோதனைக்குப் போகும்போது தொழிலைச் சொல்வதா மறைப்பதா என்று சிகிச்சையக வாசலில் நின்று யோசித்த நாட்கள் உண்டு.

மருதத்துறை எழுதியது:

தனிவிளக்கு அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் கேள்வியின் வடிவமே தவறென்று உணர்கிறேன். பணிகள் எங்கே போயின என்று கேட்டேன். அந்தப் பணிகள் எவரை எட்டின என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். கட்டுரையை அங்கிருந்தே தொடங்கப்போகிறேன். எழுதியதற்கு மனமார்ந்த நன்றி.

இன்னும் ஓர் ஐயம் மீதமிருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் அதிகாரம் உள்ளாட்சிகளிடம் சென்றபோது, சில உள்ளாட்சிகள் அனுமதி மறுத்தே விடுதிகளை மீண்டும் மறைவுக்குத் தள்ளின என்று படித்தேன். குயின்ஸ்லாந்தில் அப்படி நடக்காதா? விக்டோரியா மாநிலத்தின் நிலை என்ன?

நிலப்படம் எழுதியது:

நகரமைப்புத் துறையில் பணிபுரிகிறேன். இதற்கு என்னால் விடையளிக்க முடியும்.

விக்டோரியாவில் உரிமம் கொடுத்துவந்த அமைப்பு நிலத்தரகர்கள், கார் விற்பனையாளர்கள் ஆகியோருக்கும் உரிமம் கொடுக்கும் பொது அமைப்பு. ஆகவே அங்கே 2022 மே 10, 2023 டிசம்பர் 1 என இரு கட்டங்களில் குற்றநீக்கம் வந்தபோது, ஒரு பிரிவின் வேலை நின்றது, அமைப்பு நிற்கவில்லை. குயின்ஸ்லாந்தின் ஆணையத்துக்கு இந்த ஒரு வேலை மட்டுமே இருந்ததால் அது முழுமையாக மூடப்பட்டது. 'கையைக் கழுவிவிட்டது' என்ற எண்ணம் உங்கள் வகுப்பில் எழுவதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உள்ளாட்சி பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. சட்டத்தை வரைந்தவர்களுக்கும் அது இருந்தது. நியூ சவுத் வேல்ஸின் அனுபவத்தைப் பார்த்தே, பாலியல் தொழிலைத் தடைசெய்யும் உள்ளூர் விதிகளை உள்ளாட்சிகள் இயற்றக் கூடாது என்று குயின்ஸ்லாந்து சட்டத்திலேயே எழுதியது. நிலப்பயன்பாட்டு விதிகளில் 'விடுதி' என்று தனியாக ஒதுக்கிவைத்திருந்த வகைக்குப் பதிலாக, மற்ற வணிகங்களுக்குள்ள அளவுகோல்களே இதற்கும் பொருந்த வேண்டும் என்பதே புதிய ஏற்பாட்டின் அடிப்படை. வீட்டிலிருந்து தொழில் செய்பவருக்கும் அப்படியே. பக்கத்து வீட்டுக்காரர் இரைச்சலுக்காகப் புகார் செய்தால் அது இரைச்சல் புகாராகவும், வண்டி நிறுத்தத்துக்காகப் புகார் செய்தால் அது வண்டி நிறுத்தப் புகாராகவும் பதிவாக வேண்டும். ஊழியர்கள் அதை அப்படியே நடைமுறைப்படுத்துகிறார்களா என்பது ஒவ்வொரு அலுவலகத்தின் பயிற்சியையும் மனநிலையையும் பொறுத்தது. அங்கேதான் இனி உங்களைப் போன்ற ஆய்வாளர்களின் கண் இருக்க வேண்டும்.

வாடகை வீடு, தங்குமிடம், வங்கிச் சேவை ஆகியவற்றில் மறுக்கப்படுபவர்கள், 1991ஆம் ஆண்டுப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின்கீழ் முறையிடலாம். முன்பு அந்தச் சட்டத்திலேயே, தங்குமிடம் நடத்துபவர்கள் பாலியல் தொழிலாளர்களுக்கு அறை மறுக்க இடம்கொடுத்த ஒரு விதிவிலக்கு 2012 முதல் இருந்தது. குற்றநீக்கச் சட்டம் அதையும் நீக்கியது. 18 வயதுக்குட்பட்டவர்களை இதில் ஈடுபடுத்துவதும், எவரையும் வற்புறுத்திச் செய்யவைப்பதும் குற்றவியல் தொகுப்பில் கடுங்குற்றங்களாகவே இருக்கின்றன. அவற்றை விசாரிக்கும் பொறுப்பு காவல்துறையிடமே உள்ளது.

கணக்குச்சுவடி ஐயாவின் வருத்தத்துக்கு ஒரு சிறு விளக்கம். பழைய விடுதிகளின் கட்டடங்கள் இதனால் அனுமதி அற்றவை ஆகிவிடவில்லை. உரிமம் என்பது ஆளுக்குக் கொடுக்கப்பட்டது. அது ஆணையத்தோடு காலாவதியானது. திட்டமிடல் அனுமதி நிலத்துக்குக் கொடுக்கப்பட்டது. உரிமையாளர் மாறினாலும் அது அந்த நிலத்தோடேயே போகும்.